தோற்க முடியாத தீபாவளி

“அத்தை, இது கேமே இல்ல. இதுல தோக்கவே முடியாது.”

2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு மறுநாள், மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகன், கையிலிருந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியை என்னிடம் திருப்பித் தந்துகொண்டே இதைச் சொன்னான். அந்த ஆண்டு தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்கட்கிழமையும் விடுமுறை. அண்ணன் குடும்பம் சிரம்பானிலிருந்து வந்து இரண்டு இரவு தங்கியிருந்தது. விருந்தினர் கூட்டம் ஓய்ந்து, ஆட்டிறைச்சிப் பிரட்டலின் மிச்சத்தை மத்தியானச் சோற்றுக்குச் சூடுகாட்டிச் சாப்பிட்டுவிட்டு, எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்த நேரம். அவனுக்கு அப்போது 13 வயது. அவன் சொன்னதில் குத்தலோ கேலியோ இல்லை. ஒரு பொருளை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தராசைக் கீழே வைப்பவனைப்போல முடிவாகச் சொன்னான். எனக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் நான் அவனிடம் கொடுத்திருந்த விளையாட்டு ‘வெண்பா’.

வெண்பாவை விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு அது. கதை 1988இல் கனடாவில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவர்தான் குடும்பம். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அது கிழிந்தும் கறைபட்டும் கிடப்பதால், அழிந்துபோன வரிகளை நாமாக ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்பவையெல்லாம் அதில் புதிர்கள். அடுப்பு எரியும்போது பக்கத்தில் வானொலி பாடும். கதையின் காலம் நகர நகர, பாட்டுகளும் அந்தந்தக் காலத் திரையிசையின் சாயலுக்கு மாறும். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் விருது வருவதற்கு முன்பே அது என் மனத்தில் இடம் பிடித்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரை விளையாட்டுகளை விளையாடி வருகிறேன். அவற்றில் தமிழ் எழுத்தையும் தமிழ்ச் சமையலறையையும் நான் பார்த்தது அதுவே முதல்முறை. ஒரு திருமண வீட்டில் நெருங்கிய உறவினரை அறிமுகப்படுத்தும் பெருமையோடுதான் அந்தக் கருவியை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். நடுவில் என் அம்மா, அதாவது அவனுடைய பாட்டி, பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். புட்டு அவிக்கும் பகுதியில் அவன் தடுமாறியபோது, “சில்லைப் போடாம மாவைக் கொட்டினா எல்லாம் கீழ போயிடும்யா” என்றார். அவன் சில்லைப் போட்டான், புட்டு வந்தது. அம்மா திரையைத் தொட்டுப் பார்க்கப்போகிறவர்போல ஒரு கணம் குனிந்துவிட்டு, பிறகு சமையலறைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் அவன் தீர்ப்பைச் சொன்னான். தப்பாகச் செய்தால் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து செய்துகொள்ளலாம். புள்ளி குறையாது, உயிர் போகாது, யாரும் நம்மை வெளியேற்ற மாட்டார்கள். அவன் நாள்தோறும் விளையாடும் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டில் ஐந்து பேர் ஐந்து பேரோடு மோத வேண்டும். தரவரிசை ஆட்டத்தில் தோற்றால் சேர்த்து வைத்த நட்சத்திரம் ஒன்று பறிபோகும். அந்த நட்சத்திரம் போகும் வலி இல்லாவிட்டால் அதை எப்படி விளையாட்டு என்று சொல்வது என்று கேட்டான்.

நான் பதில் சொன்னேன். இதில் தோற்பது நீயில்லை, வெண்பா என்றேன். தன் மகனோடு தன் மொழியில் பேச முடியாமல் போகிற ஒரு தாயின் இழப்பை எந்தப் பொத்தானை அழுத்தியும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றேன். வளர்ந்த கவின் தானே சமைக்க வரும் இடத்தில், அம்மாவின் புத்தகத்தைப் படிக்க அவன் படும் பாட்டை எடுத்துச் சொன்னேன். இவை எல்லாம் உண்மை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அது கதை, அத்தை. நான் கேமைச் சொல்றேன்” என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் வெளியே மத்தாப்புக் கொளுத்தப் போய்விட்டான். அந்த வாக்கியம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. மாதக்கணக்கில், ரயிலில் போகும்போதும், பாத்திரம் கழுவும்போதும் அது திரும்பத் திரும்ப வந்தது. அவன் வெண்பாவைப் பற்றிச் சொன்னது தவறு என்று என்னால் வாதாட முடிந்தது. ஆனால் அந்த வாக்கியம் வேறு எதையோ பற்றியும் சரியாகச் சொல்லியிருந்தது. அது எதைப் பற்றி என்று பிடிபட எனக்குக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆனது.

முப்பது உயிர்கள்

எங்கள் தலைமுறைக்குத் தீபாவளி என்றால் விளையாட்டுப் பெட்டியும் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மைக்ரோ ஜீனியஸ் என்ற பெட்டி இந்நாட்டில் பல வீடுகளில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை; பெரியப்பா வீட்டில் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போய் வந்த கையோடு, அண்ணனும் நானும் பெரியப்பா மக்களும் அந்தப் பெட்டியின் முன் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். கட்டுப்பாட்டுக் கருவி இரண்டே இரண்டு, பிள்ளைகள் எட்டுப் பேர். அதனால் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது: தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, வரிசையின் கடைசிக்குப் போய், அங்கிருந்த முறுக்குப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். இதனால் எங்களில் யார் அதிகம் முறுக்குத் தின்றார்கள் என்பதை வைத்தே யார் அதிகம் தோற்றார்கள் என்று சொல்லிவிடலாம்.

காண்ட்ரா விளையாட்டில் முப்பது உயிர் பெறுவதற்கு ஒரு வழி இருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று தொடங்கும் அந்த வரிசையை எங்கள் வயதுக்காரர்கள் பலர் வாய்ப்பாட்டைப்போல இன்றும் ஒப்பிப்பார்கள். அதைக் கண்டுபிடித்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பதையும், 1986இல் கிராடியஸ் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றும் வேலையில் இருந்தபோது, சோதித்துப் பார்ப்பதற்குக்கூட அது தமக்கே மிகவும் கடினமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியை அவர் வைத்துக்கொண்டார் என்பதையும் நான் பெரியவளான பிறகுதான் படித்தேன். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் பாசம் வந்தது. விளையாட்டைச் செய்தவருக்கே தோல்வி கடினமாக இருந்திருக்கிறது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

ஆனால் எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். முப்பது உயிர் கிடைத்த முதல் தீபாவளியில் நாங்கள் துள்ளிக் குதித்தோம். அதற்கு அடுத்த தீபாவளியில், மூத்த அக்கா அந்த வரிசையை யாரும் போடக்கூடாது என்று தடை போட்டுவிட்டார். முப்பது உயிர் இருந்தால் எழுந்திருக்கும் முறை வருவதற்குள் பொழுது போய்விடுகிறது, காத்திருக்கும் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அன்று அது எனக்கு ஒழுங்குமுறை பற்றிய விஷயமாக மட்டுமே தெரிந்தது. தோல்வி அருகில் இருந்ததால்தான் எட்டுப் பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒருவன் ஆட, ஏழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்கு அவன் எந்நேரமும் விழலாம் என்ற நிலை வேண்டியிருந்தது.

அதே பெரியப்பா இப்போது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஒரு குறை சொல்கிறார்: இந்தக் கைப்பேசி விளையாட்டு வந்ததிலிருந்து தீபாவளியே போய்விட்டது, பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று. வயதில் மூத்தவர், அவரிடம் நான் எதிர்வாதம் செய்வதில்லை, இங்கே சொல்கிறேன். பிள்ளைகளைக் கூடத்திலிருந்து விரட்டியது விளையாட்டு என்று நான் நம்பவில்லை. விளையாட்டுக்கு முன்பே தொலைக்காட்சி வந்துவிட்டது. தீபாவளிப் பிற்பகலில் சிறப்புத் திரைப்படம் தொடங்கியதும் பெரியவர்கள் எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்த ஆண்டுகளை நான் மறக்கவில்லை. அப்போது விருந்தினர் வந்தாலும் படத்தின் இடைவேளையில்தான் பேச்சு. அதை யாரும் தீபாவளியின் கேடு என்று சொன்னதில்லை, ஏனென்றால் பார்த்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் அறைக்குள் போனதற்கு வேறு காரணம் இருக்கிறது. கூடத்திலும் சமையலறையிலும் அவர்கள் செய்வதற்கு நாங்கள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

சிவப்பு மூடிப் போத்தல்

எங்கள் வீட்டில் கடைசியாகப் பலகாரம் சுட்டது 2016இல். அதற்கடுத்த ஆண்டு அம்மாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் இருந்ததால், அந்த ஒரு முறை மட்டும் என்று சொல்லிக் கடையில் வாங்கினோம். ஒரு முறை என்று தொடங்கியது நின்றுவிட்டது. தோள் குணமான பிறகும் நாங்கள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவோம். ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிப் போட்டிருக்கும் கூடாரக் கடைகளில், சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை, அச்சு முறுக்கு, அதிரசம் என்று ஆளுக்கு இரண்டு பையில் தூக்கிக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது. ஒரு போத்தல் 20 ரிங்கிட், 25 ரிங்கிட் என்று போகும். மாவு, எண்ணெய், எரிவாயு, இரண்டு நாள் இடுப்புவலி ஆகியவற்றைக் கணக்கிட்டால் அது நியாயமான விலைதான். அவற்றைச் சுடும் பெண்கள் பலர் தங்கள் வீட்டுச் சமையலறைகளில் மாதக்கணக்கில் உழைப்பவர்கள். அவர்கள் பிழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு, இன்றும் வாங்குகிறேன்.

ஆனால் அந்தப் போத்தல்களில் ஒரு குணம் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தன. எந்த முறுக்கும் கருகவில்லை, எந்த அதிரசமும் கல்லாகவில்லை, ஒவ்வொரு அச்சு முறுக்கும் அதற்கு முந்தியதைப்போலவே இருந்தது. படையல் இலையில் வைத்தபோது நன்றாக இருந்தது, விருந்தினருக்குத் தட்டில் அடுக்கியபோதும் நன்றாக இருந்தது. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் சிறுவயதில் பலகாரம் என்பது பேச்சுக்குரிய பொருள். இந்த வருஷம் உளுந்து கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, வெண்ணெய் கூடியதால் எண்ணெய் குடித்துவிட்டது, எதிர்வீட்டுக்காரர் முறுக்கு வாயில் கரைகிறது, அவர் தேங்காய்ப்பாலில் பிசைகிறாராம் என்று மாலை முழுவதும் ஓடும். கடைப் போத்தல் வந்த பிறகு, “எங்க வாங்கினீங்க?” என்ற ஒரே கேள்வியோடு முடிந்துவிடும்.

2024 செப்டம்பரில் ஒரு நாள், அந்த ஆண்டுக்கான போத்தல்களை முன்பதிவு செய்யக் கைப்பேசியில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், அண்ணன் மகனின் வாக்கியம் தனக்குரிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. இதுல தோக்கவே முடியாது. அவன் அதை எங்கள் தீபாவளியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஏழு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. தோற்காததால் யாரும் யாரையும் சுற்றி நின்று பார்க்கவும் இல்லை. பட்டியலை அழித்துவிட்டு அம்மாவிடம் போய், “அச்சு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எந்த அச்சு?” என்று கேட்டாலும், எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அச்சு

அம்மாவின் அச்சு அவர் மாமியாருடையது. எட்டு இதழ்ப் பூவாக வார்த்த பித்தளை, அதன் நடுவில் முழ நீளக் கம்பி, பிடிக்கும் முனையில் ஒரு வளைவு. பழந்துணியில் சுற்றி, அதன்மேல் நாளிதழைச் சுற்றி, மேல்தட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. இந்நாட்டில் அச்சு முறுக்கு என்ற இந்தப் பலகாரத்துக்குப் பல வீடுகள் சொந்தம். மலாய்க்காரர்கள் இதைக் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்லி நோன்புப் பெருநாளுக்குச் சுடுவார்கள். லோயாங் என்றால் மலாயில் பித்தளைதான். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி சீனப் புத்தாண்டுக்கு இதே பூவைப் போத்தலில் போட்டுத் தருவார். மூன்று பெருநாளுக்கும் பொதுவான பலகாரங்களில் இதைப்போல மெல்லியது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. தமிழர் வீட்டில் செய்தாலும் சீனர் வீட்டில் செய்தாலும் தோற்கிற இடமும் ஒன்றேதான்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு அண்ணன் குடும்பம் வந்தது. அரிசி மாவும் கொஞ்சம் கோதுமை மாவும் முட்டையும் சீனியும் கெட்டித் தேங்காய்ப்பாலும் அம்மா அளந்து தர, நான் கரைத்தேன். கரண்டியின் முதுகில் மாவு படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை பால் விட்டுக்கொண்டே போனோம். அண்ணன் மகன் சமையலறை வாசலில் சாய்ந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அச்சை அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கியபோது, “எண்ணெய் தெறிக்கும், அவனை ஏன்…” என்று அம்மா தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முதலில் அச்சை எண்ணெயில் மூழ்க வைத்துச் சூடேற்ற வேண்டும். பிறகு தூக்கி, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்க வேண்டும். அச்சு ஆறியிருந்தால் மாவு பிடிக்காது, தூக்கும்போது பித்தளை வெறுமையாக வரும். அதிகம் காய்ந்திருந்தால் மாவு ஓசையோடு பொங்கி அப்படியே நழுவிக் கிண்ணத்தில் விழுந்துவிடும். விளிம்புக்கு மேல் ஒரு நூல் தோய்ந்தாலும் பூ அச்சைக் கவ்விக்கொண்டு எண்ணெயில் கழலாது. சரியாகத் தோய்த்தால், எண்ணெயில் இறக்கியதும் குமிழிகள் இதழ்களின் உட்புறம் எழும். ஏழெட்டு நொடியில் அந்தக் கொதிப்பு லேசாகத் தணியும். அந்த நேரம் பார்த்துக் கம்பியை ஒரு முறை குலுக்கினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். முந்தினால் பிய்யும், பிந்தினால் ஒட்டும். இதை எழுதி வைத்துப் படிக்க முடியாது. கண்ணும் காதும் மணிக்கட்டும் ஒரே கணத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் நொடிகளைப் பிரித்து விளையாடப் பழகிய பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு எது என்று நான் நினைத்துத்தான் கொடுத்தேன்.

அவன் முதல் பூ வரவே இல்லை. இரண்டாவது பாதி கிண்ணத்திலும் பாதி எண்ணெயிலும் போயிற்று. மூன்றாவது ஒட்டிக்கொண்டது, சாத்தே குச்சியால் இதழ் இதழாகக் குத்திக் கழற்றினோம். எட்டு ஆண்டுகள் எண்ணெயைக் காணாத அச்சு அது, மீண்டும் பழக நேரம் எடுக்கும் என்று அம்மா சொன்னார். நான்கு, ஐந்து, ஆறு. அவன் கைப்பேசி அரிசிப் பானைமேல் கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் வந்து நின்றான், அண்ணி வந்து நின்றார், அண்ணனின் சின்ன மகள் முக்காலி போட்டு ஏறி நின்றாள். ஒவ்வொரு முறை அவன் அச்சை இறக்கும்போதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். அம்மாவின் கை இரண்டு முறை அச்சை வாங்க நீண்டது. மூன்றாம் முறை நீளப்போனபோது, அவர் தம் வலக்கையை முந்தானைக்குள் சுருட்டி இடக்கையால் பிடித்துக்கொண்டார். அவர் தம் கையைத் தாமே பிடித்து நிறுத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அவர் அப்படி ஒரு நாளும் நிறுத்தியதில்லை. அன்று அவருக்கு அதற்கு நேரமும் இல்லை.

ஏழாவது பூவும் பிய்ந்தபோது அவன் முகம் சிவந்துவிட்டது. “பாட்டி, எனக்கு வராது” என்றான். அப்போதுதான் அம்மா, எங்களில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1974இல் திருமணமாகி வந்து, ரயில்வே குடியிருப்பில் அவர் சுட்ட முதல் அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து மணல்போல அடியில் படிந்துவிட்டது. பாகு இளம்பதத்தில் இறக்கியதன் விளைவு. இரண்டாம் ஈடும் அப்படியே. மூன்றாம் முறை பாகை முற்ற விட்டதில் அதிரசம் பல் இறங்காமல் போயிற்று. மாமியார் கோயிலிலிருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் பின்கட்டில் கோழிகளுக்குப் போட்டுவிடலாம் என்று அள்ளிக்கொண்டிருந்தாராம். “உங்க தாத்தா வந்துட்டாரு. கடாயிலிருந்து அந்தத் தூளைக் கரண்டியால அள்ளி, அவல் மாதிரி நல்லாத்தான் இருக்குன்னு நின்னுக்கிட்டே சாப்பிட்டாரு. நான் அழுதுக்கிட்டே நிக்கிறேன், அவரு சாப்பிட்டுக்கிட்டே நிக்கிறாரு.”

அம்மாவுக்கு 72 வயது. அவர் வயிற்றில் பிறந்து, அவர் சுட்டதைத் தின்று வளர்ந்து, இத்தனை ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு இது தெரியாது. அப்பா இறந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அவர் அந்தத் தூளை அள்ளித் தின்ற காட்சி, ஒரு பிள்ளை ஏழு முறை தோற்றதால் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் சிறுவயதில் நாங்கள் விழிப்பதற்குள் பலகாரமெல்லாம் சுட்டு முடிந்து, டின்களில் தாள் விரித்து அடுக்கப்பட்டிருக்கும். சரியாக வந்தவற்றைத்தான் நாங்கள் பார்த்தோம். வராதவை விடிவதற்குள் மறைந்துவிடும். கைப்பக்குவம் என்று நாம் சொல்கிறோமே, அது அம்மாவுக்குப் பிறவியில் வந்தது என்றே நானும் அண்ணனும் நம்பினோம். நம்பியதால் நமக்கு வராது என்றும் முடிவு செய்துகொண்டோம். கடைப் போத்தலுக்கு நாங்கள் அவ்வளவு எளிதாகப் போனதற்கு அதுவே வேர் என்று நினைக்கிறேன். வெண்பாவின் புத்தகத்திலாவது அழிந்த வரிகள் இருந்த இடம் தெரிகிறது. எங்கள் அம்மா எழுதாத புத்தகத்தில் அழிக்கப்பட்டது இந்தப் பக்கம்தான், அதை அழித்தவரும் அவரேதான்.

எட்டாவது பூ கழன்றது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், ஆனால் எட்டு இதழும் இருந்தன. அது எண்ணெயில் மிதந்து மெல்லச் சுழன்றபோது, சின்னவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மூதாட்டி வேலியோரம் வந்து என்னவென்று கேட்டார். அதன் பிறகு பத்தில் இரண்டுதான் பிய்ந்தன. அச்சு கைமாறிக் கைமாறி அண்ணனிடம் போனது, அண்ணியிடம் போனது, என்னிடம் வந்தது. நான் சுட்டதில் பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டன. யார் போடுகிறார்களோ அவர்களது பூவை மற்றவர்கள் எண்ணினார்கள். யாரும் சொல்லாமலே பழைய சட்டம் திரும்பி வந்திருந்தது: பிய்த்தவர் அச்சைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும்.

மாலையில் எல்லாவற்றையும் ஆறவைத்துப் போத்தலில் அடுக்கும்போது, பிய்ந்தவற்றை நான் தனியே ஒரு பாத்திரத்தில் ஒதுக்கினேன். பழக்கம்தான். அம்மா அதைக் கவனித்துவிட்டு, அவற்றையும் ஒரு போத்தலில் போட்டு மூடச் சொன்னார். தீபாவளியன்று திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்களின் முன், முழுப் பூக்கள் இருந்த போத்தலுக்குப் பக்கத்திலேயே அந்தத் துண்டுப் போத்தலும் இருந்தது. வந்தவர்கள் இது என்ன என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் அண்ணன் மகன் முதலிலிருந்து சொன்னான். பெரியப்பா துண்டுப் போத்தலிலிருந்து ஒரு பிடி அள்ளி மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். அன்று அவர் கைப்பேசியைக் குறை சொல்லவில்லை.

பாகு

வெண்பாவைப் பற்றி அவனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது விளையாட்டே இல்லை என்கிறான். ஒரு திரை விளையாட்டு என் அம்மாவைச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரவழைத்துப் புட்டுச் சில்லைப் பற்றிப் பேச வைத்தது என்பதே எனக்குப் போதும் என்கிறேன். அந்த விளையாட்டு அவ்வளவு மன்னிக்கும் குணத்தோடு இருப்பதால்தான் விளையாடத் தெரியாத தாய்மாரும் அதற்குள் போக முடிகிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. தோல்வியை நாம் நம் வீட்டு அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையிலேயே அவன் பையோடு வந்துவிட்டான். இந்த முறை அச்சைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டதாகவும், தான் அதிரசம் சுடப்போவதாகவும் சொன்னான். அம்மா பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் கையில் தெரியும்போதே அரைத்துச் சலித்து வைத்தார். பாகு அவன் பொறுப்பு. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும், உருட்டியது மெத்தென்று இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் பாகை அவன் அவசரப்பட்டு இறக்கினான். மறுநாள் மாலை தட்டிப் போட்டபோது எண்ணெயில் பிரிந்து போயிற்று. அந்தத் தூளை எல்லாரும் கரண்டியால் அள்ளித் தின்று பார்த்தோம். அவலைப் போலத்தான் இருந்தது. இரண்டாம் பாகு, தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முற்றி, கிண்ணத்தில் கல்லாக விழுந்து ணங்கென்று ஒலித்தது. மூன்றாம் முறைக்கு வெல்லம் போதவில்லை. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். முந்திய நாள் இரவு என்பதால் பக்கத்துக் கடைகள் மூடியிருந்தன.

மறுநாள் படையல் இலையில் முறுக்கும் அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் இருந்தன. அதிரசம் கேட்டவர்களுக்கு அம்மா ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த வருஷம் இல்லைங்க. பேரன் பாகு பழகுறான்.”